ரிவர்ஸ் புராக்ஸிக்குப் பின்னால் எச்டிடிபிஎஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி ஆர்டர் பிடிக்க ஒரு தளம் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் என்ஜின்எக்ஸ்; வரும் கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் கடத்தும் ரிவர்ஸ் புராக்ஸி இதுதான். எச்டிடிபிஎஸ் பூட்டு அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. பின்னால் 8000ஆம் போர்ட்டில் தளத்தை இயக்கும் ஜாங்கோ (பைத்தான் வலைக் கட்டமைப்பு), வெறும் எச்டிடிபி. வியாபாரி பாதுகாப்பான இணைப்பில் வந்தாரா என்பது புராக்ஸி சொன்னால்தான் ஜாங்கோவுக்குத் தெரியும்.

சொல்லாவிட்டால், எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும் ஜாங்கோ அமைப்பு சுற்றிச் சுற்றி 301 (வேறு முகவரிக்குப் போ) அனுப்பி, பிரவுசர் சலித்து நின்றுவிடும். பதறிப்போய் அந்த அமைப்பையே அணைக்காதீர்கள்! ஜாங்கோ 4.0 முதல், படிவம் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பார்க்கும் ஆரிஜின் சரிபார்ப்பு உண்டு. பிரவுசர் எச்டிடிபிஎஸ் என்று சொல்ல, ஜாங்கோ எச்டிடிபி என்றே நினைத்திருக்கும். லாகின் படிவம் 403 (அனுமதி இல்லை) என்று முறைக்கும். என்ஜின்எக்ஸிலிருந்து எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெட்டரில் (கோரிக்கையோடு செல்லும் குறிப்பு வரி) $ஸ்கீம் மதிப்பை, அதாவது வந்தது எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பதை, அனுப்புங்கள். அதைப் படிக்கச் சொல்லி ஜாங்கோவிலும் ஒரு வரி போடுங்கள். ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

அனுப்பியும் வரவில்லையா? என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் லொகேஷன் பிளாக்கை (ஒரு பாதைக்கு மட்டுமான விதிகள்) பாருங்கள். அங்கே புதிதாக ஒரே ஒரு புராக்ஸி_செட்_ஹெட்டர் வரி இருந்தாலும், தளம் முழுவதற்குமான சர்வர் பிளாக்கில் எழுதிய அத்தகைய வரிகள் அத்தனையும் அந்த லொகேஷனுக்குச் செல்லாது. தளப் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட் ஹெட்டருக்கு அங்கே எழுதியதும் சேர்ந்தே செல்லாமல் போகும். எல்லா வரிகளையும் தனிக் கோப்பில் வைத்து இரண்டு இடத்திலும் இன்க்ளூட் செய்வது நல்லது.

மிக ஆபத்தான தவறு, அந்த ஹெட்டரை யார் அனுப்பினாலும் நம்புவது. மஞ்சள் மூட்டை மேல் 'விரலி' ரகம் என்று எவரும் எழுதலாம். பிரித்துப் பார்த்தவர் எழுதினாரா என்பதுதானே கேள்வி. 8000ஆம் போர்ட் வெளியே திறந்திருந்தால், கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளையில் ஒரு ஹெட்டரைச் சேர்த்தே எவரும் ஜாங்கோவை ஏமாற்றலாம். இரண்டும் ஒரே மெஷின் என்றால் 127.0.0.1இல் மட்டும் கேட்க வையுங்கள். தனித்தனி என்றால் புராக்ஸியின் ஐபிக்கு மட்டும் ஃபயர்வாலில் வழிவிடுங்கள். வேறொரு மெஷினிலிருந்து அந்த போர்ட்டுக்குக் கர்ல் போட்டால் இணைப்பே கிடைக்கக் கூடாது.

வந்தவரின் ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரின் சங்கதி வேறு. $புராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார் பழையதை அழிக்காது, வந்ததன் வால் பக்கம் ஒட்டும். இடது ஓரத்து ஐபியை உண்மை என்று எடுத்தால் ஏமாந்தீர்கள். உங்கள் புராக்ஸிகள் எத்தனையோ, அத்தனை மட்டும் வலமிருந்து எண்ணுங்கள்.

என்ஜின்எக்ஸுக்கும் முன்னால் லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பல மெஷின்களுக்குப் பங்கிடுவது) வைத்து எச்டிடிபிஎஸ்ஸை அங்கே அவிழ்த்தால், $ஸ்கீம் எப்போதும் 'எச்டிடிபி' என்றே எழுதி, பேலன்சர் சொன்ன உண்மையை அழித்துவிடும். அப்போது உள்ளே வந்த மதிப்பை, $எச்டிடிபி_எக்ஸ்_ஃபார்வர்டட்_புரோட்டோவை, அப்படியே கடத்துங்கள். ஆனால் பேலன்சரைத் தவிர எவரும் அந்த என்ஜின்எக்ஸை எட்ட முடியாதபடி அடைத்த பிறகே.