1/24 காருக்கு 1/25 இன்ஜின் போதும்
1/24 அளவில், அதாவது நிஜக் காரின் 24-இல் ஒரு பங்கு அளவில், மாடல் கார் கட்டும்போது இன்ஜின், சீட், டயரோடு சக்கரம் ஆகியவற்றைக் கைவசம் இருக்கும் 1/25 கிட்டிலிருந்தே (பாகங்களைச் சேர்த்து ஒட்டும் பெட்டி) எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு 1/24 கிட் வாங்க வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் 4 சதவீதம்தான். நிஜத்தில் 60 செ.மீ. நீளமுள்ள இன்ஜின் 1/24-இல் 25 மி.மீ., 1/25-இல் 24 மி.மீ. அந்த 1 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, பானெட் மூடவும் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும்.

பாடி, சேஸிஸ், கண்ணாடிக்கு மட்டும் இது ஒத்துவராது. 2,700 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 1/24-இல் 112.5 மி.மீ., 1/25-இல் 108 மி.மீ. அந்த 4.5 மி.மீ. வித்தியாசத்தில் சக்கரம் பாடியில் அதற்கான வளைவின் நடுவில் உட்காராது. அப்புறம், க்ரோம் பூசிய பாகமென்றால் ஒட்டும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிடுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் பசை பிடிக்காது.