32 கிலோ கெட்டில்பெல் ஸ்விங்: கீழ்முதுகு இறுக்கம் தீர்ந்த விதம்

கெட்டில்பெல் என்பது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. அதைக் கால்களுக்கு நடுவிலிருந்து இடுப்பின் விசையால் நெஞ்சு உயரம்வரை வீசுவதுதான் ஸ்விங். 24 கிலோவில் தொந்தரவே இல்லை. 32-க்கு மாறியதும் ஒவ்வொரு செட்டுக்கும் பிறகு கீழ்முதுகு கல்லாக இறுகியது, வேகமும் போய்விட்டது.

பிடி நழுவுகிறதோ என்று சாக் பவுடர் போட்டேன். பெல்ட் கட்டினேன். டெட்லிஃப்டை (தரையிலிருந்து எடை தூக்கும் பயிற்சி) கூட்டினேன். எதுவும் உதவவில்லை.

அப்புறம் பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்தேன். நெஞ்சு உயரத்தில் குண்டு முன்கையின் நேர்க்கோட்டில் நிற்காமல் தரையைப் பார்த்துத் தொங்கியது. இடுப்பின் விசை போதாமல் கை தூக்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கீழே வரும்போது குண்டு முழங்கால் உயரத்தில் கடந்தது. வார்ப்பிரும்புக் குண்டு எடை கூடக் கூடப் பெரிதாகும். அதற்கு இடம்விட்டுக் கால்கள் தானாக அகன்றிருந்தன, இடுப்பும் முன்கூட்டியே மடிந்தது. இடுப்பை விட்டு எடை விலக விலக முதுகின் சுமை ஏறும். போட்டிக் கெட்டில்பெல்லில் எல்லா எடையும் ஒரே அளவு என்பதால் கால் இப்படி நகர வேண்டியதில்லை.

சரிசெய்தது ஒன்றே: குண்டு இறங்கும்போது மேல்கை விலாவைத் தொடும்வரை நிமிர்ந்தே காத்திருந்து, அதன் பிறகுதான் இடுப்பைப் பின்னே தள்ளுவது. முன்கை தொடையின் மேற்பகுதியில் உரச வேண்டும். பழக்கத்துக்கு, பாதங்களுக்கு நடுவே ஒரு ஃபோம் பிளாக்கை நிறுத்தி வைத்தேன். குண்டு தாழ்ந்தால் தட்டிவிடும்.

அந்த வாரமே இறுக்கம் விட்டது. இப்போது ஐந்து ஐந்தாகச் செய்து நன்றாக ஓய்வெடுக்கிறேன். வேகம் குறைந்தால் செட்டை அங்கேயே நிறுத்திவிடுவேன்.