அலையாத்திக் காட்டில் பிளாஸ்டிக் எடுப்பது எப்படி: இழுக்காதீர்கள், வெட்டுங்கள்

முதல்முறை போனபோது கண்ணில் பட்ட பையையெல்லாம் பிடித்து இழுத்தேன். ஒரு பையோடு கைநிறையச் சேறும், நூல் நூலாக வெள்ளை வேர்களும் சேர்ந்து வந்தன. அன்றோடு இழுப்பதை விட்டுவிட்டேன்.

நீர் முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். ஏற்றம், அதாவது கடல்நீர் மறுபடி ஏறுவது, தொடங்கியதும் கரையேறிவிடுங்கள். கூட்டமாகப் போக வேண்டாம், மிதிபட்ட சேறு இறுகிவிடும். தில்லை மரம் இருந்தால் கிளையை ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சேற்றிலிருந்து பென்சில் போல நிமிர்ந்து நிற்கிறதே, அதுதான் வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர். மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு அதன் வழியாகத்தான் காற்று போகிறது. அதனால் மூச்சு வேர்களைப் பாலித்தீன் மூடிய இடம்தான் முதல் வேலை. ஒவ்வொரு வேரைச் சுற்றியும் பாலித்தீனைக் கத்தரிக்கோலால் கீறி, துண்டு துண்டாக மேல்நோக்கி எடுங்கள். சுரபுன்னை மரத்தின் தாங்கு வேரில் சுற்றிய நைலான் வலைக்கும் இதே முறைதான். வெட்டுவதற்கு முன் நண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

வெயிலில் காய்ந்த பைதான் ரொம்பச் சிக்கல். விரல் பட்டதும் சருகு போல நொறுங்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளைத்தான் நுண்பிளாஸ்டிக் என்கிறோம். அது நம் விரலிடுக்கிலேயே உருவாகிவிடும். எனவே தொடாமல், அடியில் ஒரு தட்டையான தகட்டைச் செருகி, மேல்சேற்றோடு அப்படியே ஏந்தி எடுங்கள். உதிரும் தெர்மோகோலையும் இப்படித்தான் எடுக்க வேண்டும்.

பாதி புதைந்தது இருந்தால் வெளியே தெரிவதை மட்டும் வெட்டுங்கள். மிச்சத்தை விட்டு வர மனசு கேட்காது, எனக்கும்தான். ஆனால் தோண்டினால் வேர் அறுந்துபோகும். அடியில் அடங்கிக் கிடந்த துகளும் அடுத்த ஏற்றத்தில் கிளம்பிவிடும்.

சேற்றில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க ஆசையா? ஒரு லிட்டர் தண்ணீரில் இனிக் கரையாது என்னும் வரை உப்பைப் போட்டு, ஒரு பிடி சேற்றைக் கலக்கி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். பாலித்தீனும் தெர்மோகோலும் மேலே வந்துவிடும். தண்ணீர் பாட்டில் துணுக்கு இந்த உப்புநீரைவிடக் கனமானது, அடியிலேயே தங்கிவிடும். அதனால் மிதப்பது மட்டுமே கணக்கல்ல. இலைத்துணுக்கும் கூடவே மிதக்கும். சூடான ஊசியால் தொட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் என்றால் உருகிச் சுருளும், இலை உருகாது. அப்புறம் துணியில் வடிகட்டித் துகளைக் குப்பையோடு சேர்த்துவிடுங்கள். அந்த உப்புநீரைக் காட்டில் ஊற்ற வேண்டாம்.