வட்ட வரைபில் தரவு போதுமா? ஆரம்பத்திலிருந்து ஒரு செய்முறை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் சாதாரண தரம் முடித்த பிள்ளைகளுக்கு வட்ட வரைபு புதிதல்ல. ஆரைச்சிறையின் கோணம் கேட்டாலும், அதில் எத்தனை பேர் என்று கேட்டாலும் மளமளவென்று செய்துவிடுவார்கள். ஆனால் தரவுப் போதுமைக் கேள்வி வந்தால் அவர்களே தடுமாறுகிறார்கள். இங்கே யாரும் விடையைக் கேட்பதில்லை. கொடுத்த தகவலை வைத்து விடைக்குப் போக முடியுமா என்று மட்டும்தான் கேட்கிறார்கள். இந்த வகைக் கேள்வி வரும் ஜீமேட் (GMAT) என்ற முகாமைத்துவ மேற்படிப்பு நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகிறவர்கள் இதை முதலில் மனதில் பதிய வைக்க வேண்டும்.

கேள்விக்குக் கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். தெரிவுகள் எப்போதும் இந்த ஐந்துதான்: முதலாவது மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், எது தனியாக இருந்தாலும் போதும், சேர்ந்தாலும் போதாது.

சரி, ஒரு கணக்கைப் பார்ப்போம். நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு ஒரு லொறி மரக்கறி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்ட வரைபில் கரட் 120 பாகை, லீக்ஸ் 90 பாகை. உருளைக்கிழங்கு, கோவா இரண்டுக்கும் கோணம் எழுதவில்லை. கோவா எத்தனை கிலோ?

(1) உருளைக்கிழங்கின் கோணம் கோவாவின் கோணத்தைப் போல இரண்டு மடங்கு.
(2) கரட் 600 கிலோ.

படி 1: கூற்றுகளைத் தொடாமல் வரைபை மட்டும் பாருங்கள். முழு வட்டம் 360 பாகை என்பது யாரும் சொல்லாமலே நமக்குத் தெரிந்த தகவல். ஆகவே கிழங்கும் கோவாவும் சேர்ந்து 150 பாகை. இதை ஓரத்தில் எழுதி வையுங்கள். கோணம் எழுதாத துண்டைக் கண்ணால் அளந்து முடிவெடுக்க வேண்டாம்.

படி 2: என்ன குறைகிறது என்று யோசியுங்கள். கேட்டது கிலோவில். வட்ட வரைபு பங்கைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. எனவே கோவாவின் கோணமும் வேண்டும், எங்காவது ஓர் உண்மையான எடையும் வேண்டும். இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள், பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

படி 3: கூற்று (1) மட்டும். கோவா 50, கிழங்கு 100 பாகை. ஒரு கிலோகூடத் தெரியாது. போதாது.

படி 4: கூற்று (1)ஐக் கையால் மறைத்துவிட்டு (2)ஐ வாசியுங்கள். 120 பாகைக்கு 600 கிலோ என்றால் மொத்தம் 1800 கிலோ. கிழங்கும் கோவாவும் சேர்ந்து 750 கிலோ. அதில் கோவா எவ்வளவு? தெரியாது. “கோவா 50 பாகைதானே” என்று மனம் சொல்லும். அது மறைத்து வைத்த கூற்றிலிருந்து வந்தது. பயிற்சியின் தொடக்கத்தில் அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான்.

படி 5: இரண்டும் தனியாகத் தோற்றால் மட்டும் சேர்த்துப் பாருங்கள். கோணமும் இருக்கிறது, எடையும் இருக்கிறது. போதும் என்று தெரிந்தவுடன் நிறுத்திவிடலாம். 250 கிலோ என்று கண்டுபிடிப்பதற்குத் தனியாகப் புள்ளி இல்லை, நேரம்தான் போகும்.

அப்புறம், ஆம்–இல்லை வகைக் கேள்விகள். அதே வரைபில் லீக்ஸ் கோவாவை விட அதிகமா என்று கேட்டு, “கிழங்கு கோவாவை விட அதிகம்” என்று ஒரு கூற்று தந்தால்? கோவா 75 பாகைக்கும் குறைவாகத்தான் இருக்க முடியும். லீக்ஸ் 90. நிச்சயமாக ஆம், ஆகவே போதும். “கிழங்கு 40 பாகைக்கு மேல்” என்று மட்டும் சொன்னால் கோவா 80 ஆகவும் இருக்கலாம், 100 ஆகவும் இருக்கலாம். போதாது. இன்னொரு விஷயம்: “நிச்சயமாக இல்லை” என்று முடிந்தாலும் அந்தத் தகவல் போதுமானதே. “இல்லை” என்ற விடையைப் “போதாது” என்று குறிப்பவர்கள் நிறையப் பேர்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு வட்டங்கள் வரும் கணக்கு. ஒரு தோட்டத்தில் மேல் டிவிஷன் ஆட்களில் பெண்கள் 60 சதவீதம், கீழ் டிவிஷனில் 50 சதவீதம். எந்த டிவிஷனில் பெண்கள் அதிகம்?

(1) மேல் டிவிஷனில் மொத்த ஆட்கள் கீழ் டிவிஷனை விட அதிகம்.
(2) கீழ் டிவிஷனில் மொத்தம் 300 பேர்.

இலக்கம் இருப்பதால் பலர் (2)இன் பக்கம் சாய்வார்கள். மேல் டிவிஷனின் மொத்தம் தெரியாமல் அந்த 300ஐ வைத்து எதுவும் செய்ய முடியாது. (1)இல் ஓர் இலக்கமும் இல்லை, ஆனால் அதிக ஆட்களில் அதிகப் பங்கு என்றால் விடை உறுதி. முதலாவது மட்டும் போதும்.

இப்போது (1)ஐ “கீழ் டிவிஷனில் ஆட்கள் அதிகம்” என்று மாற்றி, (2)உடன் சேர்த்துப் பாருங்கள். கீழே பெண்கள் 150. மேலே 260 பேர் இருந்தால் பெண்கள் 156, 240 பேர் இருந்தால் 144. சேர்ந்தாலும் போதாது.