பத்மினியில் ஸ்டியரிங் ஆட்டம்: பாக்ஸ் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள்

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பழைய பிரீமியர் பத்மினி காரை ஓட்டும்போது ஸ்டியரிங் ஆட்டம் (முன்சக்கரம் திரும்பாமலே ஸ்டியரிங் மட்டும் அசைவது) பெரிதாகத் தெரியாது. வளைவில் இழுவை ஒரே பக்கம் இருப்பதால் தேய்ந்த மூட்டுகள் எல்லாம் ஒரு பக்கமாக ஒட்டி நிற்கும். இறங்கி ஓமலூர் ரோட்டில் நேராக 60-இல் போனால்தான் வண்டி அலையத் தொடங்கும். உடனே பானட்டைத் தூக்கி, ஸ்டியரிங் பாக்ஸின் (ஸ்டியரிங் சுற்றைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கியர் பெட்டி) ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்க்ரூவை இறுக்கிவிடுகிறார்கள். பாக்ஸ் கெடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

முதலில் டயர். காலையில், வண்டி ஓடாத நிலையில் காற்று பாருங்கள். சித்திரை வெயிலில் ஓடி வந்த டயரில் அளந்தால் கணக்குத் தப்பும். நைலான் டயரும் ரேடியலும் கலந்து போட்டிருந்தால் வேறு எதைச் சரிசெய்தாலும் அலைச்சல் போகாது. நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

அடுத்து, முன்சக்கரங்கள் நேராகத் தரையில் இருக்க, எஞ்சினை அணைத்து, ஸ்டியரிங் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். சக்கரம் அசையாமல் டேப் எவ்வளவு நகர்கிறது? இந்த வகை பாக்ஸுக்கு 25 மி.மீ. வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால், ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு டை ராடு எண்டிலும் (சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளின் முனை மூட்டு) விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் ஆட்டம் விரலுக்குத் தப்பாது. பாக்ஸ் வலப்பக்கம், அந்தக் கம்பிகளை மறுபக்கம் தாங்கும் ஐட்லர் இடப்பக்கம். ஐட்லர் புஷ்ஷை (உள்ளே தேயும் உருளை வளையம்) பலர் மறந்தே போகிறார்கள். பாக்ஸைச் சேஸியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் பாக்ஸே நகர்வது தெரியும்.

பிறகு பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் மேல் நிறுத்தாதீர்கள், அது சொல்லாமல் உடையும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (முன்சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக இருக்கும் தடித்த பின்).

கிங் பின் புஷ் மாற்றுவதில் பாதி வேலை வீட்டில், பாதி லேத் பட்டறையில். புது புஷ்ஷை அழுத்தி ஏற்றியதும், கிங் பின்னின் அளவுக்கு ஏற்ப ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகச் சீவும் கருவி) போட வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து நுழைப்பது வேலைக்கு ஆகாது. புஷ்ஷின் ஓட்டை கிரீஸ் நிப்பிள் ஓட்டைக்கு நேராக அமர்ந்ததா என்று கம்பி விட்டுப் பார்த்துவிடுங்கள். நேராக இல்லையென்றால் எத்தனை முறை கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது, புதுசும் சீக்கிரமே தேயும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

டை ராடு எண்டைக் கழற்ற, அது அமர்ந்திருக்கும் ஆர்மின் கண்ணை இருபுறமும் இரண்டு சுத்தியால் ஒரே நேரத்தில் தட்டினால் விடும். மரையில் தட்ட வேண்டாம். பழையது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் எப்போதும் புதுசு. ஓட்டை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தாமல் அடுத்த வெட்டு வரை இறுக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆட்டம் மிச்சமிருந்தால்தான் பாக்ஸ். முதலில் ஆயில் பாருங்கள்: 90 கியர் ஆயில்தான், கிரீஸ் அல்ல. சக்கரங்கள் தூக்கியபடியே, ஸ்டியரிங்கை நேராக வைத்து, லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை அரைக்கால் (1/8) சுற்று மட்டும் இறுக்குங்கள். ஸ்டியரிங் அதிக நேரம் நேராகவே நிற்பதால் உள்ளே தேய்வதும் நடுப்பகுதிதான். ஓரங்கள் புதுசு போலவே இருக்கும். நடுவில் ஆட்டம் துளியும் இல்லாமல் இறுக்கினால் ஓரத்தில் பிடிக்கும், அதுவும் முழுக்கத் திருப்பும் கொண்டை ஊசி வளைவில். ஆகவே ஒவ்வொரு முறை இறுக்கியதும் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் பின்வாங்குங்கள். நடுவில் ஆட்டம், ஓரத்தில் பிடிப்பு என்று இரண்டும் இருந்தால் அந்த பாக்ஸின் உள் பாகங்கள் மாற்ற வேண்டியவை.

அம்பாசடரில் இந்த ஸ்க்ரூ வேலை கிடையாது, அது பல் வைத்த தண்டு இடமும் வலமும் நகரும் ரேக் வகை. ரப்பர் பூட்டுக்குள் இருக்கும் பால் ஜாயிண்டையும் ரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள்.

கடைசியில் டோ, அதாவது இரண்டு முன்சக்கரங்களும் முன்புறம் சற்றே உள்நோக்கி நிற்கும் அளவு. வண்டியை இறக்கிச் சில அடி முன்னே உருட்டிவிட்டு, இரண்டு சக்கரங்களின் ரிம் ஓரங்களுக்கு இடையே முன்புறமும் பின்புறமும் அச்சு உயரத்தில் அளந்து கொள்ளுங்கள். முன்புறம் 2 முதல் 3 மி.மீ. குறைவாக இருந்தால் போதும். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. இருபக்க டை ராடையும் சம அளவு திருப்புங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

முதல் ஓட்டம் சமதரையில். அதன்பின் கோரிமேடு தாண்டி முதல் சில வளைவுகள் வரை மெதுவாக ஏறுங்கள். வளைந்து முடித்ததும் பிடியைச் சற்றே தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வர வேண்டும். வராவிட்டால் பாக்ஸ் ஸ்க்ரூ இறுக்கம்: ஓரமாக நிறுத்தி அரைக்கால் சுற்று தளர்த்தி, லாக் நட்டை இறுக்குங்கள். 100 கி.மீ. ஓடியதும் பாக்ஸ் போல்ட்டுகளுக்கு இன்னொரு முறை ஸ்பேனர் போடுங்கள்.