மஞ்சள் சுவரை ஷேடரில் வரைதல்: நாய்ஸ் ஃபங்ஷன் முதல் பாடம்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் ஒரு மஞ்சள் சுவரைக் கிட்டே நின்று பாருங்கள். தூரத்தில் ஒரே மஞ்சளாகத் தெரிந்தது, வெளிறிய திட்டுகளும், அடியில் உப்பு பூத்துக் காரை உதிர்ந்த இடங்களுமாகப் பிரியும். அந்தச் சுவரைப் படக்கோப்பு ஏதுமின்றி, ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரலான ஃப்ராக்மென்ட் ஷேடரில் வரைவோம். திட்டுகளைத் தருவது நாய்ஸ், அதாவது ஒழுங்கற்றுத் தோன்றினாலும் இடத்துக்கு இடம் மெல்ல மாறும் எண்கள்.

முதலில், சுவரில் பிக்சலின் இடத்தைக் குறிக்கும், 0 முதல் 1 வரை செல்லும் ஆயங்களை 8 ஆல் பெருக்குங்கள். சுவர் எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகும். எந்தக் கட்டம் என்பதை, முழு எண் பகுதியை எடுக்கும் ஃப்ளோரும், கட்டத்துக்குள் எந்த இடம் என்பதை, பின்னப் பகுதியை எடுக்கும் ஃப்ராக்ட்டும் தரும். கட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் இடத்தைக் கொடுத்தால் ஒழுங்கற்றதாகத் தோன்றும் எண்ணைத் தரும் ஹாஷ் ஃபங்ஷன் மூலம் 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணைப் பெறுங்கள். ஒரு மூலைக்கு எத்தனை முறை கேட்டாலும் அதே எண் வர வேண்டும். இல்லையேல் சுவர் ஃபிரேமுக்கு ஃபிரேம் மினுமினுக்கும். சைன் மதிப்பை 43758.5453 ஆல் பெருக்கிப் பின்னப் பகுதியை எடுக்கும் பிரபலமான ஹாஷ், மடிக்கணினியில் ஒழுங்காக இருந்து, என் கைபேசியில் கோடுகோடாக வந்தது. ஷேடரில் எண்களின் துல்லியத்தை நடுத்தரத்தில் வைத்திருந்ததே காரணம். உயர் துல்லியத்துக்கு மாற்றியதும் சரியாயிற்று.

அடுத்து, நான்கு எண்களையும், இரு மதிப்புகளை விகிதப்படி கலக்கும் மிக்ஸ் கொண்டு கலக்க வேண்டும். ஃப்ராக்ட் மதிப்பை அப்படியே கொடுத்தால் கட்டங்களின் விளிம்புகள் தையல் போலத் தெரியும். ஆகவே அதன் வர்க்கத்தை 3 ஆல் பெருக்கி, கனத்தின் இரு மடங்கைக் கழியுங்கள்: 0.1 என்பது 0.028 ஆகி, விளிம்பருகே மாற்றம் மெதுவாகும். இதைப் பலர் பெர்லின் நாய்ஸ் என்கிறார்கள். உண்மையில் இது வேல்யூ நாய்ஸ். கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட முறையில் மூலைகளில் இருப்பவை எண்கள் அல்ல, திசைகள்.

இப்போது கிடைப்பது மேகம் போன்ற மொத்தையான திட்டு மட்டுமே. அதனுடன், கட்டங்களை ஒவ்வொரு முறையும் இரட்டித்து, வலிமையைப் பாதியாக்கி, மொத்தம் ஐந்து அடுக்குகளைக் கூட்டுங்கள். முதல் அடுக்கின் வலிமை 0.5 என்றால், கூட்டுத்தொகை 0.97ஐத் தாண்டாது.

உப்பு ஈரம் தரையிலிருந்து ஏறுவதால், உயரத்தை 1இலிருந்து கழித்து, அதன் வர்க்கத்தில் பாதியை நாய்ஸுடன் சேருங்கள். கீழ் எல்லையில் 0 ஆகவும் மேல் எல்லையில் 1 ஆகவும் மெல்ல மாறும் ஸ்மூத்ஸ்டெப்பை 0.7 முதல் 0.8 வரை இட்டு, அந்த விகிதத்தில் மஞ்சளையும் காரையின் சாம்பலையும் கலந்தால், அடிப்பகுதி மட்டும் உதிர்ந்த சுவர் கிடைக்கும். அந்த எல்லைகளை 0.6, 0.7 எனக் குறைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்ட சுவராகிவிடும்.