கடலோரத் தெருவிளக்கு விதிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடலோர ஊர்களில் தெருவிளக்குக்குத் தீர்மானம் போட்டால் பெரும்பாலும் இரண்டு விவரம்தான் எழுதப்படும்: எத்தனை விளக்கு, எத்தனை வாட். வெளிச்சம் எங்கே விழ வேண்டும், கடலாமை முட்டையிடும் மணல் போல எங்கே விழக் கூடாது என்ற வரி விடுபட்டுப்போகும். பிறகு வரும் சிக்கல்களில் முக்கால்வாசி அந்த வரி இல்லாததால் வருபவை.

வாட்டை அள்ளிப் போடுவது

6 மீட்டர் உயரக் கம்பம், 30 மீட்டர் இடைவெளி, 5 மீட்டர் அகலத் தெரு என்று வைத்துக்கொள்வோம். சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு 45 வாட் எல்இடி மாட்டுகிறார்கள். ஒரு வாட்டுக்கு 110 லூமன் (விளக்கு உமிழும் ஒளியின் அளவு) என்றால் மொத்தம் 4,950 லூமன். அதில் பாதி சாலையில் விழுகிறது. தூசு, உப்பு, தேய்மானத்துக்கு 30 சதவீதம் கழித்தால் மிஞ்சுவது சுமார் 1,730. இதை ஒரு கம்பத்தின் பங்கான 150 சதுர மீட்டரால் (30 × 5) வகுத்தால் 11 லக்ஸுக்கு (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) மேல் வரும். போக்குவரத்து குறைந்த சிறு தெருவுக்கு ஐஎஸ் 1944 என்ற இந்தியத் தெருவிளக்குத் தரம் கேட்பது சராசரி 4 லக்ஸ். இதே கணக்கில் 20 வாட் விளக்கே 5 லக்ஸ் தந்துவிடும். மிகையான வெளிச்சம் சிமென்ட் தளத்தில் பட்டு வானத்துக்குத்தான் போகிறது. ஆகவே விதியில் வாட்டை எழுதாதீர்கள். தெரு வகைக்கு இத்தனை லக்ஸ், அதற்கு மேல் இத்தனையைத் தாண்டக் கூடாது என்று எழுதுங்கள்.

கம்பக் கையின் சாய்வு

பழைய கம்பங்களின் கை மேல்நோக்கிச் சாய்த்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். தட்டைக் கண்ணாடி போட்ட நல்ல பிட்டிங்கை (விளக்குக் கூட்டை) வாங்கி அதே கையில் மாட்டினால் வாங்கிய பயன் போய்விடும். பிட்டிங் தரைக்குக் கிடையாக, பூஜ்ய டிகிரியில் இருந்தால்தான் மேலே ஒளி போகாது. சாய்வைத் திருத்தும் இணைப்புத் துண்டையும் டெண்டரிலேயே சேர்த்துவிட வேண்டும். பின்னால் கேட்டால் கூடுதல் செலவு என்று தட்டிக்கழிப்பார்கள்.

‘வார்ம் ஒயிட்’ போதும் என்று நினைப்பது

ஊருக்குள் 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெள்ளை, அதாவது ‘வார்ம் ஒயிட்’) சரி. கடலைப் பார்த்த தெருவுக்கு அது போதாது.

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) தை மாதம் முதல் கரையேறி முட்டையிடுகிறது. குஞ்சுகள் இரவில் மணலைக் கிழித்து வெளியே வந்து, பனையும் சவுக்கும் நிற்கும் இருட்டுப் பக்கத்தை விட்டு, தாழ்வாக வெளுத்துத் தெரியும் அடிவானத்தை நோக்கி ஊர்ந்துபோகும். இயற்கையில் அந்த வெளுப்பு கடல். சாலையோரம் வெள்ளை எல்இடி எரிந்தால் குஞ்சுகளுக்கு அதுதான் கடல். திரும்பி ஊர்ந்து சாலைக்கு வந்து, நாய் வாயிலோ சக்கரத்திலோ முடிகின்றன. தப்பியவை விடிந்ததும் வெயிலில் காய்ந்துபோகின்றன.

அவற்றின் கண்ணுக்கு நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும், ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) குறைவாகவே தெரியும். எனவே கடல் பார்த்த வரிசைக்கு 560 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே ஒளி உமிழாத, 590 அளவில் எரியும் ஆம்பர் எல்இடி என்று எழுதி, அலைநீள வரைபடம் உள்ள சோதனை அறிக்கையையும் கேளுங்கள். வெள்ளை விளக்கின் மேல் மஞ்சள் தாள் ஒட்டுவது வேண்டாம். வெயிலிலும் உப்பிலும் வெளுத்து உரிந்துவிடும்.

சோதிப்பது எளிது. இரவில் மணலில் படுத்து, கன்னம் தரையைத் தொட ஊர்ப் பக்கம் பாருங்கள். குஞ்சின் கண் மணலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலேதான் இருக்கிறது. எல்இடிப் புள்ளி நேராகக் கண்ணில் பட்டால் அந்தக் கம்பத்துக்குக் கடல் பக்கத் தடுப்புத் தகடு வேண்டும். லக்ஸ் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்: பௌர்ணமி நிலவே அரை லக்ஸுக்கும் குறைவு, மலிவான மீட்டருக்கு அது எட்டாது.

ஹைமாஸ்ட் ஆசை

மீன் இறங்குதளத்திலும் கடற்கரை முச்சந்தியிலும் 12, 16 மீட்டர் ஹைமாஸ்ட் (பல விளக்கு தாங்கிய உயரக் கம்பம்) நடுவது வழக்கமாகிவிட்டது. சாய்த்து வைத்த ஃப்ளட்லைட்டுகள் கடலுக்குள் வெகுதூரம் தெரியும். வேலை நடக்கும் இடத்தில் 4, 5 மீட்டர் கம்பங்களைக் கடல் பக்க ஓரத்தில் நட்டு, ஒளியை ஊர் நோக்கி விழச் செய்தால் வலை பிரிக்கவும் மீன் எடை போடவும் தாராளமாகப் போதும். ஆனால் இரவில் கரை சேரும்போது எந்த விளக்கை அடையாளமாக வைக்கிறார்கள் என்று மீனவர்களைக் கேட்காமல் எதையும் அணைக்கக் கூடாது. பாம்பன் கலங்கரை விளக்கம் போன்ற கடல்வழி விளக்குகள் இந்த விதிக்குள் வரவே கூடாது.

நாளும் நேரமும்

‘ஜனவரி முதல் ஏப்ரல் வரை மங்கல்’ என்று எழுதுவது அரைகுறை. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். ஏப்ரல் 10-ல் இட்டது ஜூன் 9 வரை போகலாம். ஜூன் கடைசி வரை நீட்டுங்கள். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்தாலும், கண்ணில் படாத குழிகள் இருக்கவே செய்யும்.

முழுக்க அணைப்பதும் தவறு. மீன் வாங்கப் போகும் பெண்கள் விடியலுக்கு முன்பே நடக்கிறார்கள். ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்துக்கு இருட்டோடு வருகிறார்கள். இரவு 10 முதல் 3 மணி வரை பாதி வெளிச்சம் பொருந்தும். தை அமாவாசை ஆமைப் பருவத்தில் வருவதால், அன்று மட்டும் மாற்றிக்கொள்ள சுவிட்சுப் பெட்டியில் வழி இருக்கட்டும். முந்தைய இரவுகளில் எரிந்த நேரத்தை வைத்து நள்ளிரவைக் கணிக்கும் எல்இடி டிரைவர்கள் (விளக்குக்கு மின்சாரம் தரும் கருவிகள்) மின்தடை வந்தால் தடுமாறும். சூரிய அஸ்தமனக் கணக்குள்ள டைமரைப் பெட்டியில் வைப்பது நம்பகம்.

உப்புக்காற்று

தடுப்புத் தகட்டை மெல்லிய இரும்பில் அடித்தால் துருப்பிடித்துத் தொங்கும். பவுடர் கோட்டிங் போட்ட அலுமினியத் தகடு, எஸ்எஸ் 316 (உப்பைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகு) திருகு, ஐபி 66 (தூசும் தண்ணீரும் புகாத) பிட்டிங் கேளுங்கள். கண்ணாடியில் படியும் உப்புப் படலம் ஒளியைச் சிதறடிக்கும். மூன்று மாதத்துக்கொரு முறை நல்ல தண்ணீரில் துடைப்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

எல்லைக்கு வெளியே இருப்பவை

நகராட்சி தன் கம்பங்களுக்கு மட்டும் விதி போட்டால், நெடுஞ்சாலை விளக்கும் லாட்ஜ் மாடி ஃப்ளட்லைட்டும் இறால் பண்ணை விளக்கும் அப்படியே எரியும். ராமேசுவரம் நகராட்சி, பக்கத்துப் பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள், பாலம் தாண்டினால் மண்டபம் பேரூராட்சி. இவற்றுக்கும் ஒரே அளவுகள் வேண்டும். கட்டட அனுமதியில் வெளிவிளக்கு நிபந்தனையும் வேண்டும்.

மொத்தமாக வாங்குமுன் இரண்டு கம்பத்தில் மாட்டி, அமாவாசை இரவில் மணலிலிருந்து பொறியாளரும் வனத்துறையும் மீனவர்களும் பார்க்கட்டும். மூவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகே மீதிக்கு ஆர்டர், பில்லுக்குப் பணம் என்று டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்த்துவிடுங்கள்.